சித்தப்பா என்று கூப்பிட மாட்டேன்

ஜோங்ரான் வீட்டைவிட்டுப் போன நாளிலிருந்து அவளிடம் முகங்கொடுத்து ஒரு வார்த்தை பேசாத அவள் அண்ணன் சாங்கு, அறுவடை முடிந்த ஒரு வியாழக்கிழமை, பத்து மணி வாக்கில் தென்கொரியாவின் புப்யோங் சந்தையில் அவள் கடை முன்னால் வந்து நின்றார். சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளும் பண்டங்கள் விற்கும் சின்னக் கடை அது. கீரையை எள்ளெண்ணெய் விட்டுப் பிசைந்துகொண்டிருந்தவள், இருமலைக் கேட்டே ஆளைத் தெரிந்துகொண்டாள். தெரிந்தும் நிமிரவில்லை. முன்னால் நின்ற வாடிக்கையாளருக்கு முள்ளங்கிக் கிம்ச்சியைக் கட்டிக் கொடுத்து, மீதிச் சில்லறையும் கொடுத்த பிறகுதான் கையுறையைக் கழற்றினாள்.

"அதை நிறுத்து," என்றார் சாங்கு.

"எதை?"

"தெரியாத மாதிரி கேக்காத. அந்தப் படக்கதையை."

அந்தப் படக்கதை இணையத்தில் வாரா வாரம் வந்துகொண்டிருந்தது. அடுத்தடுத்த வீட்டில் பிறந்து, ஒன்றாக விளையாடி வளர்ந்த இருவர் பின்னாளில் காதலர்களாகும் கதை. கைபேசியைத் திறந்தால் அந்த மாதிரிக் கதை ஆயிரம் கிடைக்கும். யார் வேண்டுமானாலும் வரைந்து போடலாம் என்று திறந்துவிட்டிருந்த பகுதியில், ஐம்பது வயதில், மகள் போரா வாங்கிக் கொடுத்த வரைபலகையை வைத்துக்கொண்டு ஜோங்ரான் அதைத் தொடங்கியிருந்தாள். "சித்தப்பா என்று கூப்பிட மாட்டேன்" என்று தலைப்பு வைத்திருந்தாள். அவள் கதையில் காதலிக்கும் இருவரும் பங்காளிகள். ஒரே குலப்பெயர், ஒரே பூர்வீகம். அது கற்பனையும் இல்லை. அவளும் அவள் கணவன் கிசொப்பும்தான்.

இருவரும் பிறந்தது வடக்குக் கியோங்சாங் மாகாணத்தில் சொல்கோல் என்ற ஊரில். கண்ணை மூடிக்கொண்டு கல்லெறிந்தால் யோம் குலத்தார் ஒருவர் தலையில்தான் விழும். அப்படி ஒரே குலத்தார் நிறைந்த ஊர். கிசொப் அடுத்த வீட்டுப் பையன். அவளைவிட ஒரு மாதம் இளையவன். ஆனால் வம்சக் கணக்கில் ஒரு தலைமுறை மேலே. எத்தனையோ தலைமுறைக்கு முன்னால் பிரிந்த கிளைதான். கல்யாணத்துக்குத் தடையான நெருங்கிய ரத்தம் எதுவும் கிடையாது. ஆனாலும் முறை முறைதான். மூக்கொழுகிக்கொண்டு அவள் பின்னால் ஓடிவரும் அவனை அவள் சித்தப்பா என்றுதான் கூப்பிட வேண்டும். ஒருநாள் தெருவில் "டேய் கிசொப்" என்று கத்தியதற்கு அப்பா கெண்டைக்காலில் விளாறு பிய்யும்வரை அடித்தார். அவள் அழுதுகொண்டே சொன்னாள்: "மூக்கைத் துடைக்கத் தெரியாதவன் எனக்குச் சித்தப்பாவா? கூப்பிட மாட்டேன்." மறுநாளும் பேர் சொல்லித்தான் கூப்பிட்டாள்.

அவன் பட்டாளத்தில் கட்டாயச் சேவை முடித்துத் திரும்பியபோது இருவருக்கும் இருபத்துமூன்று. அந்த இலையுதிர்காலத்தில் அவளுக்குச் சாங்ஜூவிலிருந்து ஒரு மருந்துக்கடைக்காரர் மகனைப் பேசி முடிக்க வீட்டில் ஏற்பாடு நடந்தது. எல்லோரும் சீமைப் பனிச்சம்பழம் தோல் சீவிக் காயக் கட்டிக்கொண்டிருந்த சமயம். கிசொப் ஏணிமேல் நின்று கயிறு கட்டிக்கொண்டிருந்தான். அவள் கீழிருந்து பழத்தை நீட்டியபடி, என்னைக் கட்டிக்கொள்கிறாயா என்று கேட்டாள். அவன் கையிலிருந்த சரம் அப்படியே தரையில் விழுந்தது.

"நான் உனக்குச் சித்தப்பா முறை," என்றான்.

"நான் என்னைக்காவது அப்படிக் கூப்பிட்டிருக்கேனா?"

அவன் கொஞ்ச நேரம் யோசித்தான். பிறகு, இல்லை என்றான். இறங்கி வந்து சிதறிய பழங்களைப் பொறுக்கினான். அந்த வாரமே இருவரும் பேருந்து ஏறிவிட்டார்கள்.

சட்டமும் அப்போது ஊரின் பக்கம்தான் இருந்தது. ஒரே குலம், ஒரே பூர்வீகம் என்றால் கல்யாணத்தைப் பதிவு செய்ய முடியாது. தலைநகர் சியோலில் ஒரு மாடி அறை. கிசொப் வீடுகளைச் சூடாக்கும் கொதிகலன்களைப் பழுது பார்க்கக் கற்றுக்கொண்டான். ஜோங்ரான், புத்தக வாடகைக் கடைகளுக்குப் படக்கதை தயாரிக்கும் ஒரு பட்டறையில் சேர்ந்து, யாரோ வரைந்த படங்களில் பென்சில் கோட்டை அழிப்பதும் கறுப்பு நிரப்புவதுமாக இருந்தாள். போரா பிறந்தபோது தகப்பன் இல்லாத குழந்தையாகத்தான் பதிவேட்டில் எழுத வேண்டியிருந்தது. "அப்பன் பேரைப் போட்டாலும் யோம், அம்மா பேரைப் போட்டாலும் யோம், அப்புறம் என்ன தலைவலி?" என்று அலுவலகத்தில் ஜோங்ரான் சண்டை போட்டாள். குழந்தை பள்ளிக்கூடம் போகும் வயது வந்தபோது, அரசு இந்த மாதிரித் தம்பதிகளுக்கென்று ஒரே ஒரு வருடம் கதவைத் திறந்தது; அதில் நுழைந்து பதிந்துகொண்டார்கள். மறுவருடம் அந்தச் சட்டமே செல்லாது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. சொல்கோல் மட்டும் செல்லும் என்றே இருந்தது.

சாங்குவைச் சந்தைவரை வரவழைத்தது அப்பாவின் சாவைப் பற்றிய பகுதி. செய்தி கேட்டுக் கறுப்புத் துணி உடுத்தி அவள் தனியாக ஊருக்குப் போனாள். சாங்கு வாசற்கதவைச் சாத்தினார். பிணம் கிடக்கிற வீட்டில் ரகளை வேண்டாம் என்று உள்ளிருந்தே சொன்னார். அண்ணி மியோங்சிம்தான் யாருக்கும் தெரியாமல் பின்பக்கச் சுவருக்கு மேலே ஒரு கிண்ணம் காரமான மாட்டிறைச்சி சூப்பை நீட்டினாள். ஜோங்ரான் சந்தில் நின்று அதைக் குடித்துவிட்டுத் திரும்பினாள். அத்தனையையும் வரைந்திருந்தாள். கதவைச் சாத்தும் முகத்தைப் பெரிதாக, ஒரு திரை முழுக்கப் போட்டிருந்தாள்.

"பங்காளிகள் கூட்டம் போட்டாச்சு," என்றார் சாங்கு. "நீயா எடுத்தா எடு. இல்லேன்னா மானநஷ்ட வழக்கு."

"நான் போட்டதுல எது பொய்?"

"உண்மையானாலும் அவமானம் அவமானம்தான்." கொஞ்சம் தயங்கினார். "எனக்கு இவ்வளவு பெரிய தாடையா இருக்கு?"

ஜோங்ரானுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள். "இருக்கு அண்ணே," என்றாள். "வழக்கு போடு. நீதிமன்றத்துல கதவு சாத்தினியான்னு கேப்பாங்க. இல்லேன்னு சொல்லிடு."

அவர் ஒன்றும் வாங்காமல் போனார். அன்று வெளியாக வேண்டிய பகுதி அன்றே வெளியானது. கீழே ஒருவன், பங்காளியைக் கட்டியவளுக்குக் கதை ஒரு கேடா என்று எழுதியிருந்தான். "ஆமாம், கட்டினேன். அடுத்த வாரமும் வந்து படியுங்கள்," என்று பதில் போட்டாள்.

அதே மாதம் ஒரு படக்கதை நிறுவனத்திலிருந்து பதிப்பாசிரியராக இருக்கும் ஓர் இளம்பெண் அழைத்தாள். காப்பிக் கடையில் சந்தித்தார்கள். நல்ல பெண்; முழுக்கப் படித்துவிட்டு வந்திருந்தாள். கதையை வாங்கிக்கொள்கிறோம், ஒரே ஒரு மாற்றம் செய்தால் போதும் என்றாள். கதாநாயகி அந்த வீட்டுப் பிள்ளையே இல்லை, குப்பைமேட்டில் கிடந்து எடுத்து வளர்த்த குழந்தை என்று கடைசியில் தெரியவர வேண்டும். வேறு ரத்தம் என்று ஆனதும் ஊரே வாழ்த்தும். வாசகர்களுக்கும் நெருடல் இருக்காது. அவள் சொன்ன தொகை, கடையில் இரண்டு வருடம் கீரை பிசைந்தாலும் வராது.

ஜோங்ரான் காப்பியைக் குடித்து முடித்தாள். "நான் எடுத்து வளர்த்த பிள்ளை இல்லைம்மா," என்றாள். "எங்க அப்பாவோட பிள்ளை. அவர் மூக்குதான் எனக்கும். அதை மாத்தினா, இவ்வளவு நாளா நாங்க என்ன தப்பு பண்ணோம்னு ஆயிடும். வேறெதாவது கதை இருந்தா கூப்பிடு, கறுப்பு நிரப்பித் தரேன்."

வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது கிசொப் சோற்றுக் கிண்ணத்தைக் கீழே வைத்தான். சண்டை என்றால் ஒதுங்கிப் போகிற ஆள் அவன். ஊரைவிட்டு ஓடி வந்ததுகூட அவள் இழுத்த இழுப்புக்குத்தான் என்று அவனே வேடிக்கையாகச் சொல்வான். அவனுக்குப் படக்கதையில் இருந்த ஒரே குறை, தன்னை ரொம்ப அழகாக வரைந்துவிட்டாள், கொதிகலன் பார்க்கப் போகிற வீடுகளில் அடையாளம் தெரிந்தவர்கள் ஏமாந்து போகிறார்கள் என்பதுதான். அன்று அவன் வேறு ஏதோ யோசித்தான். பிறகு, "குன்றுல வழிபாடு எப்போ?" என்று கேட்டான்.

வருடா வருடம் அறுவடைக்குப் பின் யோம் ஆண்கள் எல்லோரும் குன்றிலுள்ள மூதாதையர் சமாதிகளுக்குப் படையல் வைத்து வணங்கும் நாள் அது. ஓடிப்போன நாளிலிருந்து இருவரும் போனதில்லை. இந்த முறை கிசொப் தன்னிடமிருந்த ஒரே கறுப்புக் கோட்டைத் தேய்த்து வைத்தான். ஜோங்ரான் அரிசிப் பலகாரமும் பேரிக்காயும் காய்ந்த மீனும் ஒரு கூடையில் அடுக்கினாள்.

குன்றின்மேல் அவர்களைப் பார்த்ததும் பேச்சு நின்றது. பாத்திரங்களோடு ஒதுங்கி நின்ற பெண்களிடமிருந்து மியோங்சிம் வேகமாக வந்து, ஜோங்ரானை அந்தப் பக்கம் வந்துவிடும்படி மெதுவாக இழுத்தாள். நாங்கள் எல்லோரும் வாரா வாரம் படிக்கிறோம் என்று காதில் சொன்னாள். ஜோங்ரான் அவள் கையை அழுத்தினாள், ஆனால் ஒதுங்கவில்லை. கூடையோடு நடுவிலேயே நின்றாள்.

ஆண்கள் தலைமுறை வரிசைப்படி நின்றிருந்தார்கள். மேல் தலைமுறை முன்னால், கீழ்த் தலைமுறை பின்னால். சாங்கு இரண்டாவது வரிசை. கிசொப் யாரிடமும் எதுவும் கேட்காமல் நேராகப் போய் முதல் வரிசையின் ஓரத்தில், சாங்குவுக்கு முன்னால் நின்றான்.

"யாரைக் கேட்டு இங்க நிக்கிற?" என்றார் சாங்கு.

கிசொப் திரும்பினான். அவன் குரல் எல்லோருக்கும் கேட்டது. "முறை முறைன்னு எங்களை ஊரைவிட்டுத் துரத்தினீங்க. அதே முறையில நான் உனக்கும் சித்தப்பாதான் சாங்கு. ஒரு அடி பின்னால நில்லு."

யாரோ இருமினார்கள். பெண்கள் பக்கத்தில் ஒரு சிரிப்பு கிளம்பி அடங்கியது. அவனை வெளியே தள்ள வேண்டுமானால் வரிசையின் முறையையே தள்ள வேண்டும். முன்வரிசைக் கிழவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைசியில் ஒருவர், நேரமாகிறது என்று மட்டும் முணுமுணுத்தார். வழிபாடு தொடங்கியது. கிசொப் மற்றவர்களோடு குனிந்து நெற்றியைத் தரையில் வைத்தான். அவன் காலணிக்குப் பின்னால் சாங்குவும் குனிய வேண்டியிருந்தது.

அதன்பின் இருவரும் சரிவில் இறங்கி அப்பாவின் சமாதிக்குப் போனார்கள். சாங்கு முந்திக்கொண்டு வந்து குறுக்கே நின்றார். முகம் சிவந்திருந்தது. உன் மூஞ்சியில் முழிக்க மாட்டேன் என்று அப்பா கடைசிவரை சொன்னார், அது உனக்குத் தெரியுமா என்று கேட்டார்.

"தெரியும்," என்றாள் ஜோங்ரான். "இப்ப வேணாம்னா அவரே எழுந்து சொல்லட்டும். நீ தள்ளு."

அவர் தள்ளவில்லை. அவள் அவரைச் சுற்றிப் போய்ப் பலகாரத்தை எடுத்து வைத்தாள். கிசொப் அரிசிக்கள்ளை ஊற்றினான். இரண்டு பேரும் சேர்ந்து இரண்டு முறை விழுந்து வணங்கினார்கள். எழுந்தபோது அவள் அழுதிருந்தாள். ஆனாலும் அண்ணனுக்கு நேராகவே நின்று, அழுத முகத்தை மறைக்காமல், ஒரு பேரிக்காயை நறுக்கி நீட்டினாள். அவர் வாங்கவில்லை. அவர் மகன் ஒருவன் கைநீட்டி வாங்கித் தின்றான்.

வழக்கு ஏதும் வரவில்லை. படக்கதை மறுவருட வசந்தத்தில் முடிந்தது. காசு கொடுக்காமல் யாரும் படிக்கலாம் என்று அப்படியே விட்டுவிட்டாள். அந்த இலையுதிர்காலத்தில், பெண்கள் குன்றேறக் கூடாது என்று பங்காளிகள் சங்கம் ஊர் முழுக்கக் குறுஞ்செய்தி அனுப்பியது. ஜோங்ரானுக்கும் வந்தது. அந்த வருடம் அவள் போராவையும் கூட்டிக்கொண்டு போனாள். குன்றின் அடிவாரத்தில் மியோங்சிம்மும் இன்னும் நாலைந்து பெண்களும் படையல் தட்டுகளோடு ஏறாமல் காத்திருந்தார்கள். ஜோங்ரான் கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு முன்னால் நடந்தாள். எல்லோரும் ஏறினார்கள்.