நல்ல தண்ணீரில் கழுவாத கற்கள்

நகை என்றால் எங்கள் ஊரில் பவுண். மற்றதெல்லாம் விளையாட்டுச் சாமான். கரையில் பொறுக்கிய கல்லைச் செப்புக் கம்பியால் சுற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டு சந்திக்குப் போன முதல் நாள், மீன் வாங்க நின்ற பெண்கள் என்னைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு இருக்கிறதே! "என்ன பிள்ளை, கொம்மா பவுண் வாங்கித் தரேல்லையோ? கல்லைக் கட்டிக்கொண்டு திரியிறாய்" என்று ஒருத்தி கேட்டாள். "உங்கட பவுண் அலுமாரிக்குள்ள கிடக்கு, என்ர கல்லு கழுத்தில கிடக்கு" என்று நானும் விட்டுக்கொடுக்காமல் சொன்னேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அதை வைத்துக்கொண்டுதான் இவ்வளவு காலமும் சமாளித்தேன்.

எங்கள் வீடு யாழ்ப்பாணத்துத் தீவுப் பக்கம், சுருவிலில். அப்பா கடலுக்குப் போகிறவர். அம்மா வீட்டையும் அப்பாவையும் என்னையும் மேய்க்கிறவர். நான் ஒரே பிள்ளை. சோதனையில் பல்கலைக்கழகத்துக்கு எடுபடாமல் வீட்டில் இருந்த காலத்தில் ஃபோனில் பார்த்துப் பார்த்துத்தான் இந்த வேலையைப் பழகினேன். கல்லுக்குப் பஞ்சமில்லை. அலை உருட்டி உருட்டிக் கரையில் ஒதுக்கிய முருகைக்கல், அதாவது பவளப்பாறைத் துண்டுகள், நகத்தளவு, பெருவிரலளவு, வெள்ளையாய், உடம்பெல்லாம் சின்னச் சின்னப் பூப்போலத் துளைகளோடு கிடக்கும். வீடுகளுக்கு வயரிங் செய்கிறவர்கள் வெட்டி எறிகிற துண்டுகளின் உறையை உரித்தால் உள்ளே பளபளவென்று செப்புக் கம்பி. அப்பாவின் குறடு ஒன்று. வேறென்ன வேண்டும்?

கம்பியைக் கல்லில் சுற்றுவது பார்க்கச் சுகமான வேலை போலத் தெரியும். செய்து பார்த்தால் தெரியும் சங்கதி. இறுக்கினால் முருகைக்கல் பொடிந்துவிடும். தளர்த்தினால் கல் கழன்று விழும். இரண்டுக்கும் நடுவில் ஓர் இடம் இருக்கிறது. அந்த இடத்தைக் கை கண்டுபிடிக்க எனக்கு ஒரு வருடத்துக்கு மேல் பிடித்தது. ஆனால் கண்டுபிடித்த பிறகு, சத்தியமாகச் சொல்கிறேன், அதைப்போல ஒரு சந்தோஷத்தை நான் வேறெதிலும் அறியவில்லை.

அந்தச் சந்தோஷத்தின் நடுவில்தான் கனடாக் கலியாணம் வந்தது. பேசி வந்தவர்கள் அம்மாவுக்குத் தூரத்துச் சொந்தம். மாப்பிள்ளை என்னைவிடப் பதினொரு வயது மூத்தவர். கெட்டவர் என்று நான் சொல்லமாட்டேன். ஃபோனில் கதைத்தபோது மரியாதையாகக் கதைத்தார், சாப்பிட்டீரா என்று கேட்டார், குளிரைப் பற்றி உண்மையைச் சொன்னார். அவரில் ஒரு பிழையும் இல்லை. எனக்குப் போக விருப்பமில்லை, அவ்வளவுதான். என் கையால் உழைத்து, என் ஊரில் இருக்கவேண்டும் என்று நினைத்தேன். இது என்ன பெரிய ஆசையா?

"இஞ்ச இருந்து என்ன செய்யப்போறாய்? கல்லுப் பொறுக்கப்போறியோ?" என்றார் அம்மா.

"ஓம், பொறுக்கத்தான் போறன்."

"விசர்க் கதை கதையாதை. எங்களுக்குப் பிறகு உனக்கு ஆர் இருக்கினம்?"

இப்படி நாளுக்கு இரண்டு தரம் சண்டை. கடைசியில் அப்பாதான் நடுவில் புகுந்தார். அவர் அதிகம் கதைக்கமாட்டார். வலையில் சிக்கிய பாசியைப் பிய்த்துக்கொண்டே, "நத்தார் மட்டும் விடு. பிள்ளை தன்ர கையால உழைச்சுக் காட்டட்டும். காட்டினால் இருக்கட்டும், இல்லாட்டிப் போகட்டும்" என்றார். கிறிஸ்மஸ் வரைக்கும் என்று அம்மா ஒத்துக்கொண்டார். நானும் ஒத்துக்கொண்டேன். கனடாவில் இருந்தவரும் காத்திருக்கிறேன் என்றார். பாவம்.

அது ஆனி மாதம். நயினாதீவுக் கோயில் திருவிழாவுக்குச் சனம் அள்ளுண்டு போகும் நேரம். நாங்கள் கிறிஸ்தவ வேதக்காரர், ஆனாலும் சனம் கூடும் இடத்தில் விற்பதற்கு எந்தச் சமயம் என்று யார் கேட்கப்போகிறார்கள்? குறிகட்டுவான் இறங்குதுறைக்குப் போகும் வழியில் ஒரு சின்ன மேசையைப் போட்டுக்கொண்டு இருந்தேன். கச்சான் கடலைக்காரர் ஒரு பக்கம், சர்பத்காரர் மற்றப் பக்கம். நடுவில் நான், வெயிலில் கருவாடாய்.

மூன்றாம் நாள், படகால் இறங்கி வந்த ஓர் அக்கா என் மேசையில் நின்றார். கொழும்பில் கைவேலைச் சாமான் விற்கும் கடை வைத்திருப்பவர். யாழ்ப்பாணத்துப் பேச்சு இன்னும் மாறவில்லை. ஒன்றொன்றாக எடுத்துப் பார்த்தார். கம்பி முடிந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தார். மற்றவர்கள் யாரும் அந்த இடத்தைத் தடவிப் பார்த்ததில்லை. முனை குத்தாமல் உள்ளே மடித்துவிடுவதற்குத்தான் நான் அதிகம் கஷ்டப்படுவது.

"இது நீர் செய்ததோ?"

"ஓம் அக்கா."

"ஆரும் சொல்லித் தந்தவையோ?"

"இல்லை அக்கா, ஃபோனில பாத்துச் செய்தனான்."

"எனக்கு நாற்பது செய்து அனுப்பும். வித்துப் போச்செண்டால் மாதாமாதம் எடுக்கிறன்."

மாதாமாதம்! அன்று பஸ்ஸில் வீட்டுக்கு வந்தேனோ, பறந்து வந்தேனோ தெரியாது. அம்மாவிடம் சொன்னபோது அவர் குசினிக்குள் போய்விட்டார். அப்பா மட்டும் ஒரு சிரிப்புச் சிரித்தார்.

இனித்தான் என் மூளையின் கதை. எங்கள் வீட்டில் இரண்டு தண்ணீர். கிணற்றுத் தண்ணீர் உவர். குளிக்க, துவைக்க, பாத்திரம் கழுவ. நல்ல தண்ணீர் என்பது பவுசரில், தண்ணீர் லொறியில், வருவது. கிழமைக்கு இரண்டு தரம் வந்தால் அதிர்ஷ்டம். குசினி மூலையில் நீல நிறப் பரல் ஒன்றில் அதை ஊற்றி மூடி, மூடிமேல் அம்மிக்குழவியைப் பாரத்துக்கு வைத்திருப்பார் அம்மா. அந்தப் பரலில் இருந்து குடிக்கலாம், தேத்தண்ணி வைக்கலாம், உலை வைக்கலாம். சின்ன வயதில் ஒருநாள் அதில் அள்ளி முகம் கழுவினேன் என்று அகப்பைக் காம்பால் வாங்கிய அடி எனக்கு நல்ல நினைவு. எங்கள் வீட்டில் மட்டுமில்லை, ஊரே அப்படித்தான். நல்ல தண்ணீரில் கல்லைக் கழுவினேன் என்று யாராவது சொன்னால், ஆளைப் பிடித்துக் கட்டிப்போடச் சொல்வார்கள்.

ஆகவே கல்லைக் கிணற்றுத் தண்ணீரில் கழுவினேன். யோசித்துச் செய்ததில்லை. வாளியை விட்டு அள்ளினேன், ஊறப்போட்டேன், பழைய பல் பிரஷால் தேய்த்தேன், வெயிலில் காயவைத்தேன். கல் வெள்ளை வெளேரென்று வந்தது. ஆடி, ஆவணி இரண்டு மாதமும் சோளகக் காற்று அடித்து எல்லாவற்றையும் காயவைத்துக்கொண்டிருந்தது. முற்றத்தில் வேப்ப மர நிழலில் கதிரையைப் போட்டுக்கொண்டு நாற்பதையும் சுற்றி முடித்தேன். விரல் நுனியெல்லாம் வெடித்துப் போயிற்று.

என் கழுத்தில் கிடந்த கல்லின் கம்பியில் இடைக்கிடை பச்சைக் களிம்பு பிடித்தது உண்மைதான். நான் அதைக் கவனித்தேன். கவனித்துவிட்டுப் புளி போட்டுத் தேய்த்தேன். எங்கள் ஊரில் எதுதான் கெடாமல் இருக்கிறது? கதவுப் பிணைச்சல் கறள் பிடிக்கும், சைக்கிள் கறள் பிடிக்கும், கோயில் மணிகூடப் பச்சை பூத்துத்தான் தொங்குகிறது. கடற்காற்று என்றால் அப்படித்தான் என்று பிறந்ததில் இருந்து பழகிப்போன கண்ணுக்கு அது ஒரு பிழையாகவே படவில்லை. அதுவும் கொழும்பில் யார் கடலுக்குள் நிற்கப்போகிறார்கள் என்று நினைத்தேன். என் கெட்டித்தனம்!

பெட்டி புரட்டாதியில் போயிற்று. ஒவ்வொன்றையும் ஒவ்வொரு சின்னப் பொலித்தீன் பையில் போட்டு, காற்றுப் போகாமல் ஒட்டி அனுப்பினேன். அந்த அக்கா கடையில் அவற்றைத் தொங்கவிட்டுப் படம் எடுத்து அனுப்பினார். கறுப்புத் துணியில் என் வெள்ளைக் கற்கள் வரிசையாக. அந்தப் படத்தை நான் அப்பாவுக்குக் காட்டினேன், சந்தியில் சிரித்தவளைத் தேடிப்போய்க் காட்டினேன், அம்மாவுக்குக் காட்டினேன். அம்மா ஃபோனைக் கையில் வாங்கி, பெரிதாக்கிப் பார்த்தார். "வடிவாய்த்தான் கிடக்கு" என்றார். அம்மாவின் வாயால் அது வந்ததே பெரிய காரியம். முதல் மாதத்திலேயே பதினைந்துக்கு மேல் விற்றுப்போயிற்று என்று செய்தி வந்தது. அந்தக் கிழமை முழுக்க நான் தரையில் நடக்கவில்லை.

பிறகு மழை தொடங்கியது. இங்கேயும் மழை, அங்கேயும் மழை. டிசம்பர் தொடக்கத்தில் தபால்காரர் ஒரு பெட்டியைக் கொண்டுவந்து தந்தார். புது வேலைக்கு ஏதோ சாமான் அனுப்பியிருக்கிறார் என்று நினைத்துத்தான் திறந்தேன்.

என்னுடைய கற்கள். விற்காமல் இருந்தவையும், விற்றுத் திரும்பி வந்தவையுமாக. கம்பியெல்லாம் பச்சை. கம்பி பட்ட இடமெல்லாம் கல்லிலும் பச்சை ஊறியிருந்தது. பைகளுக்குள் வியர்த்துப்போய்க் கிடந்தன. சிலதில் கம்பியே அரித்து, தொட்டவுடன் ஒடிந்தது.

நான் ஃபோன் எடுத்தேன். அந்த அக்கா திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. அது இன்னும் மோசம்.

"கல்லை எந்தத் தண்ணியில கழுவினீர்?"

"கிணத்துத் தண்ணியில அக்கா."

"நல்ல தண்ணிக் கிணறோ?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எங்கட பக்கத்தில அப்பிடிக் கிணறு எங்க அக்கா? உவர்தான். நல்ல தண்ணி குடிக்கிறதுக்கெல்லோ."

 அக்கா பொறுமையாக விளக்கினார். முருகைக்கல் உள்ளுக்குள் எல்லாம் துளை, கடல் உப்பு அதற்குள் ஊறிக் கிடக்கும். நல்ல தண்ணீரில் நாட்கணக்காய் ஊறப்போட்டு, தண்ணீரை மாற்றி மாற்றி அந்த உப்பை எடுக்கவேண்டும். நான் உப்பை எடுப்பதற்குப் பதிலாக இன்னும் ஏற்றியிருக்கிறேன். மழை ஈரம் பட்டதும் அது கசிந்து கம்பியைத் தின்றிருக்கிறது. வாங்கிய ஒருத்தி தன் வெள்ளைச் சட்டையில் பச்சைக் கறையோடு கடைக்கு வந்து நின்றாளாம்.

"நல்ல தண்ணியில ஊறப்போட்டு இன்னொருக்கால் செய்து அனுப்பட்டே அக்கா?"

"வேண்டாம் பிள்ளை. ஒருக்காப் பேர் கெட்டால் சனம் திரும்பிப் பாராது. என்ர கடைக்கும் ஒரு பேர் கிடக்கு. குறை நினையாதையும்."

குறை நினைக்க என்ன இருக்கிறது? அவர் சொன்னது முழுக்க நியாயம். நான் ஃபோனை வைத்துவிட்டுக் குசினி வாசலில் இருந்தேன். அம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறார். இனி வரும் பார் என்று காத்திருந்தேன். நான் சொன்னனானெல்லோ என்று ஒரு வார்த்தை வரும், திருப்பிக் கொடுக்கலாம் என்று வாயைத் தீட்டிக்கொண்டிருந்தேன்.

அம்மா பெட்டிக்கு முன்னால் குந்தி, ஒரு கல்லை எடுத்துப் பார்த்தார். "கேட்டிருந்தால் ரெண்டு வாளி தந்திருப்பனே, பிள்ளை" என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நீங்களோ? முகம் கழுவினதுக்கு அகப்பைக் காம்பால அடிச்ச நீங்களோ தந்திருப்பியள்?" என்று கத்தினேன். கேட்டிருந்தால் தந்திருப்பாரோ, மாட்டாரோ, அது கடவுளுக்குத்தான் தெரியும். எனக்குக் கேட்கவே தோன்றவில்லை. அதுதான் எனக்கு ஆத்திரம்.

அம்மா எழும்பிப் போய் அம்மிக்குழவியை இறக்கி வைத்தார். பரலில் இருந்து நல்ல தண்ணீரை அள்ளி அள்ளி வாளியில் ஊற்றினார். அந்தக் கிழமைக்கு வைத்திருந்த தண்ணீர். புளியைக் கரைத்துக்கொண்டு வந்து, முற்றத்தில் குந்தியிருந்து, என் கற்களை ஒன்றொன்றாகத் தேய்க்கத் தொடங்கினார். வாளியில் தண்ணீர் பச்சையாய்க் கலங்கிற்று. கல் வெளுக்கவில்லை.

"விடுங்கோ அம்மா. அது இனிப் போகாது."

"போகும். கொஞ்சம் ஊறட்டும்."

"கனடாக்காரருக்கு ஓம் எண்டு சொல்லிவிடுங்கோ."

அம்மாவின் கை நின்றது. ஆறு மாதமாய் அந்த ஒரு சொல்லுக்காக என்னோடு மல்லுக்கட்டியவர், தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "நத்தாருக்கு இன்னும் மூண்டு கிழமை கிடக்கு" என்றார்.

அந்த மூன்று கிழமையில் நான் என்ன செய்யவேண்டும் என்று அவர் சொல்லவில்லை. எனக்கும் தெரியவில்லை. அம்மா சொல்லமாட்டார் என்று விளங்கியதும், பின்னேரம் நானே கனடாவுக்கு ஃபோன் எடுத்தேன். அவருக்கு அப்போது விடியற்காலை. ஓம் என்று சொன்னேன். அவர் சந்தோஷத்தில் அழுதார். எனக்கும் அழுகை வந்துவிட்டது. "நீரும் அழுறீரோ?" என்று அவர் ஆசையோடு கேட்டார். ஓம் என்று அதற்கும் சொன்னேன்.