ஆறிய புண்ணும் அண்ணன் கைக் கயிறும்

கொரோனா அடங்கி, எங்கள் ஊர் திரேஸ்புரத்துப் படகுகள் மறுபடியும் கடலுக்குப் போகத் தொடங்கியிருந்த சமயம். என் கணவர் கடலடிக்கு மூழ்கிச் சங்கு குளிப்பவர். ஒருநாள் சங்கின் விளிம்பு அவர் விரலைக் கிழித்துவிட்டது. கடல் தண்ணீர் பட்டால் எந்தக் காயமும் ஆறிவிடும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. அங்கேயே கழுவிவிட்டு மறுநாளும் இறங்கினார்.

காயம் மூடியது. ஆனால் சில வாரங்களில் விரல் வீங்கி, கை நெடுக வரிசையாகக் கட்டிகள் கிளம்பின. எந்த மாத்திரைக்கும் கேட்கவில்லை. கடைசியில் ஒரு டாக்டரம்மாதான், "என்ன வேலை பாக்கீங்க?" என்று விசாரித்து, சதையைக் கிள்ளிப் பரிசோதனைக்கு அனுப்பினார். கடலில் சும்மா கிடக்கிற கிருமியாம். வெட்டு கிடைத்ததும் உள்ளே புகுந்திருக்கிறது. அதை விழுங்கிக் கொல்ல வருகிற நம் உடம்பின் அணுக்களுக்குள்ளேயே சாகாமல் ஒளிந்து, அங்கேயே பெருகுமாம். புண் ஆறினாலும் பல மாதம் மாத்திரை போட வேண்டும், பாதியில் விட்டால் எலும்புக்கு இறங்கி விரலையே எடுக்க வேண்டி வரலாம் என்றார்.

கொஞ்ச நாளில் கை பளிச்சென்று ஆகிவிட்டது. சங்கு சீசனும் வந்தது. அந்த மாத்திரை போட்டாலோ குமட்டும். வாயில் காற்றுக் குழாயோடு கடலடியில் வாந்தி வந்தால் அவ்வளவுதான். அதனால் மனுஷன் கமுக்கமாக மாத்திரையை நிறுத்திவிட்டார். தெரிந்ததும் அழுதேன், சண்டை போட்டேன். அசையவில்லை.

எங்களில், குளிக்க இறங்குகிறவரின் இடுப்பில் கட்டிய கயிற்றைப் படகில் இருந்து பிடிப்பது மனைவியின் உடன்பிறந்தவன்தான். தங்கையின் தாலி என்றால் கவனம் சிதறாதல்லவா! அண்ணனிடம் ஓடினேன். உடனே வீட்டுக்கு வந்த அண்ணன், "மாப்ள, மாத்திரைய முடிக்காம இனி ஒங்க கயித்த நான் பிடிக்க மாட்டேன்" என்றார்.

"புண்ணு ஆறிட்டுல்லா மச்சான்?" என்று கணவர் கையை நீட்டிக் காட்டினார்.

"மேல தண்ணி சும்மா கெடக்குன்னு, கீழ நீங்க இல்லன்னு நெனச்சுக் கயித்த விட்டுருவேனா?"

அன்று மதியம் சாப்பிட்டதும் கணவர் தானே மாத்திரையைக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டார். அந்த சீசன் முழுக்க அவர் கடலில் இறங்கவில்லை; அண்ணனும் வேறு யாருக்கும் கயிறு பிடிக்கப் போகவில்லை. இரண்டு பேருமாகக் கரையில் வலை சரிசெய்யும் வேலை பார்த்தார்கள். வீட்டில் கஷ்டம்தான். ஆனாலும் டாக்டரம்மா போதும் என்று சொல்லும்வரை ஒருவேளை மாத்திரைகூடத் தவறவில்லை.

இப்போது அவர் பழையபடி இறங்குகிறார், அஞ்சு விரலோடும். எத்தனையோ வருஷம் கயிறு பிடித்த என் அண்ணன், பிடிக்க மாட்டேன் என்று சொன்ன அன்றுதான் அவரைக் கரை சேர்த்தார் என்று நினைக்கும்போதெல்லாம் கண் கலங்கிவிடுகிறது.