லீப் வருடத்தில் ஒரு பொன்மொழி குறைந்தது

பெரியம்மா இருபத்தாறு வருடம் ஒரு காலண்டர் அச்சகத்தில் பிழை திருத்தினாள். தினமும் கிழிக்கிற காலண்டர் அது. எங்கள் சமையலறைச் சுவரிலும் அதுதான் தொங்கும். கிழித்த தாளின் பின்பக்கம் அம்மா சாமான் பட்டியல் எழுதுவாள்.

ஒவ்வொரு தேதிக்குக் கீழேயும் தளபதியின் பொன்மொழி ஒன்று இருக்கும். போரை நடத்தி, பிறகு நாட்டையும் ஆண்டு மறைந்தவர் அவர். அவருடைய பொன்மொழித் தொகுப்பில் சரியாக முந்நூற்று அறுபத்தைந்துதான் இருந்தன.

பொன்மொழி போட ஆரம்பித்த பிறகு முதல் லீப் வருடக் காலண்டர் அச்சுக்கு வந்தது. பிப்ரவரி இருபத்தொன்பதாம் தாள் மொட்டையாக நின்றது. முதலாளி வெளியூரில் இருந்தார். அச்சு ஓட்டுபவர் தாளைக் கொடு என்று பறந்துகொண்டிருந்தார். பெரியம்மா பெரியப்பாவை நினைத்துக்கொண்டாள். போர் முடிந்து வீடு வந்தும் ஒரு வருடம் பூட்ஸோடு படுத்தவர் அவர். அவளே ஒரு வரி எழுதிக் கொடுத்தாள்: ‘பூட்ஸைக் கழற்றிவிட்டுத் தூங்க முடிகிற நாளே வெற்றி நாள்.’

மார்ச் மாதம் அந்தத் தாளை மடித்து எடுத்துக்கொண்டு ஒரு கிழவர் அச்சகத்துக்கு வந்தார். எட்டு வருடம் தளபதியின் கூடாரத்திலேயே உதவியாளராக இருந்தவராம். தளபதி இதை எந்தக் கூட்டத்தில் பேசினார் என்று விசாரித்தார். மழுப்பியிருக்கலாம். பெரியம்மாவுக்கு அது வரவில்லை.

“நான்தாங்க எழுதினேன். ஒண்ணு குறைஞ்சுது. தப்புதான்.”

கிழவர் தாளை விரித்து இன்னொரு முறை படித்தார். “அவர் இதைச் சொல்லியிருந்தா, நாங்க ஒரு வருஷம் முன்னாடியே வீட்டுக்கு வந்திருப்போம்மா.”

விஷயம் தெரிந்ததும் முதலாளி தாம்தூம் என்று குதித்தார். வேலை போய்விடும் என்றே பெரியம்மா நினைத்தாள். ஆனால் கிழவர் மறுவாரமே ஒரு பழைய நோட்டோடு வந்து முதலாளி எதிரில் உட்கார்ந்தார். தளபதி கூடாரத்தில் நிஜமாகவே சொன்னதெல்லாம் அதில் இருந்தது. ஒன்று இப்படி: ‘முதல்ல சாப்பிடுங்கய்யா, அப்புறம் வரைபடம் பார்க்கலாம். ஆறு எங்கேயும் ஓடிடாது.’ படித்த முதலாளிக்கே சிரிப்பு வந்துவிட்டது.

அடுத்த வருடக் காலண்டரில் அவைதான் வந்தன. பலர் தாளைக் கிழிக்க மனமில்லாமல் சேர்த்து வைத்தார்களாம்.

அதன் பிறகு மூன்று வருடம், ஒவ்வொரு செவ்வாயும் கிழவர் வந்துவிடுவார். தளபதி கோபமாகச் சொன்னாரா, கிண்டலாகச் சொன்னாரா என்று இருவருக்கும் வழக்கு நடக்கும். ஒரு செவ்வாய் அவர் வரவில்லை. மகள் வந்து செய்தி சொல்லி நோட்டைக் கொடுத்துவிட்டுப் போனாள்.

“அந்த மூணு வருஷம் வேலைக்குப் போன மாதிரியே இல்லடா” என்பாள் பெரியம்மா.