ஏழு மணி நேரத் தண்ணீர்

குஜிலியம்பாறைப் பக்கத்து நாற்றுப் பண்ணையில் நான் மேற்பார்வையாளராகச் சேர்ந்த முதல் கோடை. காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை மின்தடை என்று அறிவித்திருந்தார்கள். மோட்டார் ஓடாது. குழித்தட்டுகளில் நின்ற மிளகாய் நாற்றுகளை மறுநாள் விவசாயி ஏற்றிச் செல்ல வேண்டும். ஒரு மணி நேரம் காய்ந்தாலும் கருகிவிடும்.

"லாரித் தண்ணி சொல்லிரவா?" என்று முதலாளி தொலைபேசியில் கேட்டார்.

கல்லூரிப் பேச்சுப் போட்டிகளில் கோப்பைகள் வென்றவன் நான். பலகையில் கணக்கிட்டேன். மேல்தொட்டியில் 5000 லிட்டர். மணிக்கு 600 லிட்டர் செலவு. அடிவண்டல் குழாயை அடைக்காதிருக்க 800 லிட்டர் மிஞ்ச வேண்டும். மணிக்கணக்கை 'ம' என்று கொண்டால்:

5000 − 600ம ≥ 800
−600ம ≥ −4200
ம ≥ 7

"ஐயா, ஏழு மணி நேரத்துக்குக் குறையாமல் ஓடும், எட்டும் ஓடும். லாரி வேண்டவே வேண்டாம்!" என்று முழங்கினேன். என் பேச்சில் மயங்கி முதலாளியும் சரியென்றார்.

பதினொரு மணிக்குத் தண்ணீர் பாய்ச்சும் செல்வி குழாயோடு வந்து பலகையைப் பார்த்தாள்.

"ஏழுக்கு மேல எம்புட்டு வேணா ஓடுமா, பேச்சாளரே? அப்ப பத்து மணி நேரம்?"

"ஓடும்."

"போட்டுப் பாருங்க."

5000 − 6000. கழித்தல் ஆயிரம்.

"இல்லாத ஆயிரம் லிட்டர எங்கிட்டுப் போயி மொள்ளுவேன்?"

குறை எண்ணால் வகுக்கும்போது அசமன்பாட்டின் குறி திரும்பும். நான் திருப்பவில்லை. ம ≤ 7 என்பதே சரியான விடை. தேவையோ எட்டு மணி நேரம். லாரிக்காரரை அழைத்தேன். "வேற லோடு ஏத்திட்டேன் அப்பு, இனி சாயங்காலந்தேன்" என்றார்.

தொட்டியில் எஞ்சியது 3800. காத்திருக்க வேண்டியது ஆறு மணி நேரம். மணிக்கு எத்தனை லிட்டர் செலவழிக்கலாம்? அதை 'ல' என்று கொண்டேன்.

3800 − 6ல ≥ 800
−6ல ≥ −3000
ல ≤ 500

இம்முறை குறியைத் திருப்பினேன். செல்வி வாய்விட்டுச் சிரித்தாள். "ஐநூறுக்குள்ளயா? முத்துன நாத்து செத்த நேரம் பொறுக்கும். பிஞ்சுக்கு மட்டும் முழுசா ஊத்துறேன். நீங்க நிழல்வலைய இழுங்க."

இழுத்தேன். முதலாளியை அழைத்துத் தவற்றை ஒப்புக்கொண்டேன்; மேடையில் ஒருபோதும் செய்யாத காரியம் அது. ஐந்து மணிக்கு மோட்டார் உறுமியபோது தொட்டி நீர் 800 கோட்டுக்குச் சற்று மேலே நின்றது. நாற்றுகள் தலை நிமிர்ந்து நின்றன.

இளைய நண்பர்களே, விடை கிடைத்ததும் ஓர் எண்ணை அதில் இட்டுச் சோதியுங்கள். உரக்கச் சொல்வதெல்லாம் அதற்குப் பிறகுதான்.