நடுவில் நின்ற லிஃப்ட்

எங்கள் வீட்டில் கெட்டிக்காரி என்றால் அது அக்காதான். கணக்கு, சங்கீதம், பேச்சுப்போட்டி என்று அவள் வாங்கிவந்த கேடயங்களுக்கு ஷோகேஸில் இடம் போதாமல், சில அலுமாரிக்கு மேலே ஏறியிருந்தன. எனக்கு இருந்தது வாய் மட்டும். வகுப்புக்குள் இருந்ததைவிட, கதைத்ததற்காக வெளியே நின்ற நேரம்தான் கூட என்று அம்மா வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவார். நானும் சேர்ந்து சிரிப்பேன். பிறகு குளியலறைக்குள் போய் அழுவேன்.

அப்போது வெள்ளவத்தையில் ஓர் அடுக்குமாடியின் ஐந்தாம் மாடியில் இருந்தோம். ஒரு பின்னேரம் டியூஷன் முடிந்து நானும் அக்காவும் லிஃப்டில் ஏறினோம். பாதி வழியில் கரண்ட் போய்விட்டது. ஜெனரேட்டர் ஒருமுறை உறுமிவிட்டு அடங்கியது. கும்மிருட்டு.

அக்கா என் கையைப் பிடித்தாள்.

“எனக்கு மூச்சு விடேலாம இருக்கடி.”

மேடையில் முழங்குகிற அக்காவின் குரலாக அது இல்லை. எனக்கும் பயம்தான். ஆனால் பயம் வந்தால் எனக்குப் பேச்சும் வந்துவிடும். கதவைத் தட்டி, கீழே இருந்த காவல்கார அங்கிளைச் சிங்களத்தில் கூப்பிட்டேன். மெக்கானிக் வருகிறார், பயப்பட வேண்டாம் என்று அவரும் கத்திச் சொன்னார். அதன்பின் அக்காவைத் தரையில் இருத்திவிட்டுக் கதைக்கத் தொடங்கினேன். கீழே இருக்கும் பேக்கரிப் பூனை பாண் பெட்டிக்குள் குட்டி போட்டது, டியூஷன் மாஸ்டர் மீசையில் ஒரு பக்கத்துக்கு மட்டும் மை பூசிக்கொண்டு வந்தது, நான்காம் மாடி அன்ரி சண்டை பிடிக்கும் விதம் எல்லாவற்றையும் நடித்தே காட்டினேன். இருட்டில் யார் பார்த்தது? ஆனாலும் அக்கா சிரித்தாள். அவள் மூச்சு மெல்ல மெல்லச் சீரானது. தொண்டை வறண்டு நான் நிறுத்தினேன்.

“நிப்பாட்டாதை. கதை.”

அதுவரை யாரும் என்னிடம் அப்படிச் சொன்னதில்லை.

மெக்கானிக் கதவை நெம்பித் திறந்தபோது வெளிச்சமும் காற்றும் ஒன்றாக உள்ளே வந்தன. அம்மா எங்கள் இருவரையும் சேர்த்து இறுக்கிக்கொண்டார்.

“இவள் கதைச்சுக்கொண்டே இருந்தவள் அம்மா. அதாலதான் எனக்கு ஒண்டும் ஆகேல்லை,” என்றாள் அக்கா.

அன்று சாப்பிடும்போது எனக்கு உடம்பே இலேசாக இருந்தது. கேடயம் தருகிற காரியமில்லைத்தான். ஆனால் என்னாலும் ஒன்று முடியும் என்று தெரிந்துவிட்டது.

அடுத்த நாளிலிருந்து காலையில் அக்கா லிஃப்ட் வாசலில் நிற்கத் தொடங்கினாள். நான் எவ்வளவு பிந்தினாலும் தனியாக ஏறமாட்டாள். லிஃப்ட் வரும், திறக்கும், மூடும். அவள் குனிந்து சப்பாத்து லேஸை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருப்பாள். பெரிய வகுப்பில் படிக்கிறவளுக்கு ஒரு லேஸை ஒழுங்காகக் கட்டத் தெரியவில்லையே என்றுதான் நான் அப்போது நினைத்தேன்.