பாட்டில் வந்த பெயர்

எங்கள் லாஸ் அனிமாஸ் ஊரில் எலெவூத்தேரியோ பர்ரகானைத் திருடன் என்று யாராவது சொன்னால் அடி விழும். மலைக்கு அந்தப் பக்கம், அவன் கொள்ளையடித்த பண்ணைகள் இருக்கும் ஊர்களில், அவன் பெயரைச் சொன்னாலே காறித் துப்புவார்கள். எதுவிகேஸ் கர்ராஸ்கோ இந்தப் பக்கம்தான் வாழ்ந்தாள். என் அடுத்த வீட்டுக்காரி.

அவள் புருஷன் நபோர் கெசாதா கோவேறு கழுதை ஓட்டுபவன். கழுதைகள்கூட அவனுடையவை அல்ல. யார் கூலிக்குக் கூப்பிட்டாலும் போவான். மழை பொய்த்த அந்த வருஷம், பண்ணையின் மக்காச்சோளத்தைச் சுரங்கத்துக்குக் கொண்டுபோகக் கூப்பிட்டார்கள், போனான்.

இரண்டு நாள் கழித்து பர்ரகானும் அவன் ஆட்களும் மூட்டை மூட்டையாகச் சோளத்தைக் கொண்டுவந்து கோயில் வாசலில் அவிழ்த்துக் கொட்டினார்கள். நாங்கள் முள்கள்ளியைச் சுட்டுத் தின்றுகொண்டிருந்த நேரம். எதுவிகேஸும் ஓடினாள். அவள் விரித்த சால்வையில் பர்ரகானே அள்ளிப் போட்டான். அவள் அவன் கையை முத்தமிட்டாள். நாங்கள் எல்லோருமே முத்தமிட்டோம்.

மறுநாள் ஆட்டிடையர்கள் ஓடையில் கிடந்த நபோரைத் தூக்கி வந்தார்கள். நெஞ்சில் குண்டு. எதுவிகேஸ் அப்போது அடுப்பில் ரொட்டி போட்டுக்கொண்டிருந்தாள். அது நபோர் ஏற்றிப்போன சோளம்தான் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. குப்பையில் கொட்டிவிடுவாள் என்று நினைத்தேன். கொட்டவில்லை. மூன்று பிள்ளைகள் பசியோடு பார்த்துக்கொண்டிருந்தன. கடைசிச் சோளமணி வரை அரைத்துச் சுட்டுக் கொடுத்தாள். அவள் மட்டும் வாயில் வைக்கவில்லை.

அறுவடைக்கு முன் பர்ரகான் மறுபடி வந்தான். எங்கள் வீடுகளைத் தாண்டித்தான் மலைக்குப் போக வேண்டும். குதிரைக்குத் தண்ணீர் கேட்டு அவள் வாசலில் நின்றான். யார் வீடு என்று அவனுக்குத் தெரியாது.

அவள் தண்ணீர் வைத்துவிட்டுக் கேட்டாள்: "கழுதைக்காரரைச் சுட்டீங்களே, அவர் பேர் என்னன்னு கேட்டீங்களா?"

அவன் தொப்பியைக் கழற்றினான். "இடுப்புல கை வச்சார்மா. துப்பாக்கின்னு நெனச்சுட்டேன்."

"பொகையிலப் பை."

"அப்புறம்தான் பார்த்தேன். ஒரு நல்ல கழுதை தரேன். வச்சுக்கங்க."

"கழுதை வேணாம். அவரு பண்ணைக்காரன் ஆளுன்னு இப்பவே ஊர்ல பேச ஆரம்பிச்சுட்டாங்க. அவரு கூலிக்காரர், தப்பா சுட்டுட்டேன்னு நீங்க வந்து ஊர் முன்னால சொல்லுங்க. நீங்க சொன்னாத்தான் நம்புவாங்க."

"ஞாயித்துக்கெழம பூசைக்கு வந்து சொல்றேன்."

சொல்லியிருப்பான் என்றுதான் நான் இன்றும் நம்புகிறேன். ஆனால் வெள்ளிக்கிழமையே குதிரைப் போலீஸ் அவனைப் பிடித்து, எங்கள் ஊர் இடுகாட்டுச் சுவரோடு நிறுத்திச் சுட்டுவிட்டது. அங்கேயே புதைத்தார்கள்.

அடுத்த வருஷம் அவனைப் பற்றிப் பாட்டு வந்துவிட்டது. ஏழைக்குச் சோளம் தந்தவன், பண்ணைக்காரனின் நாயான கெசாதாவை ஒரே குண்டில் சாய்த்தவன் என்று. எதுவிகேஸ் சந்தைக்கு நடந்துபோய் அந்தப் பாட்டுக்காரனைக் கண்டுபிடித்தாள். நானும் கூடப் போனேன்.

"ஐயா, கெசாதா என் வீட்டுக்காரர். அவர் யாருக்கும் நாய் இல்ல. அந்த வரிய எடுத்துடுங்க."

அவன் கிதாரைக் கீழே வைத்தான். கெட்டவன் இல்லை. "எடுத்துட்டா பர்ரகான் ஒரு அப்பாவியக் கொன்னதா ஆயிடும்மா. அதை யாரு கேப்பா?" என்றான்.

அன்று அவள் எதிரில் அந்த வரியை விட்டுவிட்டுத்தான் பாடினான். கூட்டம் சும்மா இருக்கவில்லை. விட்ட வரியை அவர்களே சேர்த்துப் பாடினார்கள்.

மூத்தவன் லியாந்திரோ அந்தப் பாட்டோடுதான் வளர்ந்தான். பையன்கள் அவனைக் கண்டால் குரைப்பார்கள். ஒருநாள் அம்மாவிடம் வந்து நின்றான்.

"அப்பா நெசமாவே பண்ணைக்காரன் ஆளா?"

"இல்லடா. கூலிக்குப் போனாரு."

"எல்லாரும் வேற மாதிரி பாடுறாங்களே, அம்மா."

"அவங்க பாடுறாங்க. நான் அவரோட குடும்பம் நடத்தினவ."

மீசை முளைத்ததும் அவன் தூரத்துச் சுரங்கத்துக்குப் போய்விட்டான். ஊருக்கு வருகிறவர்களிடம் அம்மாவுக்குத் துணி கொடுத்தனுப்புவான். தான் மட்டும் வரமாட்டான்.

சுரங்கம் சரிந்த செய்தி வந்தபோது அவனைப் புதைத்து ஒரு மாதம் ஆகியிருந்தது. நாங்கள் இருவரும் போனோம். லியாந்திரோ கெசாதா என்று விசாரித்தோம். அப்படி ஒருவனே இங்கே இல்லை என்றார்கள். கடைசியில் கூட வேலை செய்த ஒருவன் அடையாளம் கேட்டுவிட்டு இடுகாட்டுக்குக் கூட்டிப்போனான். மரச் சிலுவையில் எழுதியிருந்ததை எனக்குப் படிக்கத் தெரியும், அவளுக்குத் தெரியாது.

"என்னன்னு போட்டிருக்கு?"

"லியாந்திரோ கர்ராஸ்கோ."

திரும்பப் படிக்கச் சொன்னாள். படித்தேன்.

கூட வந்தவன் தயங்கித் தயங்கிச் சொன்னான்: "அவனுக்கு அப்பா இல்லன்னுதான் எங்ககிட்ட சொன்னான்மா. வேணும்னா அழிச்சுட்டு மாத்தி எழுதச் சொல்றேன்."

எதுவிகேஸ் சிலுவையின் மேலிருந்த தூசியைச் சால்வை நுனியால் துடைத்தாள்.

"வேணாம். அது என் அப்பா பேரு. அவரும் நல்ல மனுஷன்தான்," என்றாள்.

திரும்பி வரும்போது ஊர் எல்லையில் பர்ரகான் சமாதிக்கு மெழுகுவத்தியோடு வந்த ஒரு குடும்பம் எங்களை நிறுத்தி வழி கேட்டது. எதுவிகேஸ் இடுகாட்டுச் சுவர் இருக்கும் பக்கம் கையைக் காட்டினாள்.