நான் நிறுத்திய சிலுவைப்பாதை

என்னைப் போலவே ஆண்டவரை நம்பிப் பிழைக்கிற உங்களுக்கு, தூத்துக்குடி கடற்கரையிலிருந்து ஜெசிந்தா எழுதுகிறேன். அழகாக எழுத வராது. வாய் மட்டும் நீளம் என்று ஊரில் பெயர். அந்த வாயை ஆண்டவர் எதற்குக் கொடுத்தார் என்பது போன வருஷம் தவக்காலத்தில்தான் எனக்குத் தெரிந்தது.

என் கணவர் லூர்துராஜ் சங்கு குளிக்கிறவர். முன்பு மாதிரி மூச்சைப் பிடித்துக்கொண்டு போகிற வேலை இல்லை இப்போது. படகில் ஒரு கம்ப்ரசர் ஓடும். அதிலிருந்து டியூப் வழியாகக் காற்று கீழே போகும். அதை வாயில் கவ்விக்கொண்டு கடலடியில் சங்கு பொறுக்குவார்கள். தவக்காலம் தொடங்குகிற சாம்பல் புதன் கழிந்த வாரத்தில் ஒரு நடுப்பகல், படகுக்காரர்கள் அவரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். இடுப்புக்குக் கீழே உணர்வே இல்லை. கிள்ளிப் பார்த்தேன். அவருக்குத் தெரியவில்லை.

"படகுல வழுக்கி விழுந்துட்டாவ. தண்ணிக்குள்ள எறங்கவே இல்ல" என்றார்கள். முதலில் அப்படிச் சொன்னவன் என் கூடப்பிறந்த தம்பி ரெக்சன்.

எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. குளிக்கிறவனுடைய கயிற்றை மேலே நின்று பிடிப்பவன் அவன் பெண்டாட்டியின் சகோதரனாக இருக்க வேண்டும். முத்துக் குளித்த நாளிலிருந்து அப்படித்தான். அக்கா தாலி அறுக்க எந்தத் தம்பியும் விடமாட்டான் என்கிற நம்பிக்கை. கயிறு போய் டியூப் வந்த பிறகும் அந்த வழக்கம் போகவில்லை. என் கணவருக்கு டியூப் பிடித்தவன் ரெக்சன். சொந்த மச்சினனே சொல்லும்போது வேறு யாரிடம் விசாரிப்பார்கள்? ஆஸ்பத்திரியில் அப்படியே எழுதிக்கொண்டார்கள்.

ஸ்கேன் எடுத்தார்கள். முதுகெலும்பில் ஒரு கீறல்கூட இல்லை. டாக்டர் குழம்பிப் போனார். ஊருக்கு மட்டும் ஒரு குழப்பமும் இல்லை! பக்கத்துப் படகுக்காரன் செய்வினை வைத்துவிட்டான் என்றாள் மாமி. எண்ணெய் போட்டு நீவினால் எழுந்து நடப்பார் என்று சொல்லி ஒரு அண்ணாச்சி, நாட்டு வைத்தியர் ஒருவரின் நம்பரே கொடுத்துவிட்டுப் போனார். வாட்ஸ்அப் குழுவில் குடிதான் காரணம் என்று எழுதினார்கள். என் கணவர் குடிப்பதே இல்லை. ஜெபம் பண்ண வந்த ஒரு அம்மா, "ஒளிச்சு வச்ச பாவம் ஏதோ இருக்கு, கேட்டுப் பாரு" என்று என் காதில் ஓதினாள். பிறவிக் குருடனைக் காட்டி யார் செய்த பாவம் என்று சீடர்கள் கேட்டபோது யார் செய்த பாவமும் இல்லை என்றுதானே ஆண்டவர் சொன்னார் என்று நான் அந்த அம்மாவைக் கேட்டேன். அதற்குப் பிறகு அவள் வரவில்லை. நல்லதுதான்.

என் சித்தி மகன் ஒருத்தன் காலேஜில் படித்தவன். ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து எனக்கு ஆறுதல் சொன்னான்.

"உண்மைன்னு ஒண்ணு கெடையாதுக்கா. எல்லாம் அவங்கவங்க பார்வைதான்."

"அவுக காலு அசையலியே, அது யாரு பார்வைல?" என்றேன். அவன் போனை எடுத்துப் பார்க்க ஆரம்பித்துவிட்டான்.

ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்பீர்கள். அவரைத் தூக்கி வந்த அன்றே நான் ஒன்றைப் பார்த்துவிட்டேன். அவர் கண்களைச் சுற்றி, நெற்றியிலிருந்து மூக்குக்குக் கீழே வரைக்கும், முக்குளிக்கிற கண்ணாடி அழுத்திய சிவப்புத் தடம். தண்ணீரில் இறங்காதவருக்கு அது எப்படி வந்தது? டாக்டரிடம் சொன்னேன். அவரும் என் கணவரிடம் கேட்டார்.

"எறங்கல சார்" என்றார் என் கணவர்.

டாக்டர் போனதும் நான் அவரை விடாமல் கேட்டேன். "விழுந்துட்டேன்னா விழுந்துட்டேன். விடேம்ளா" என்று முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். ரெக்சனோ ஆஸ்பத்திரிப் பக்கமே தலைகாட்டவில்லை. போன் அடித்தால் எடுப்பதில்லை. ஆளாளுக்கு ஒரு கருத்து சொன்னார்கள். நடந்தது தெரிந்த இரண்டு பேர் மட்டும் வாயைத் திறக்கவில்லை. ஒருவர் என் புருஷன், மற்றவன் என் தம்பி. அந்த நாட்களில் நான் பட்ட பாட்டை எழுத எனக்குத் தெம்பில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கோயிலுக்குப் போனேன். ஆண்டவர் பாடுபட்ட பதினான்கு ஸ்தலங்களின் படங்கள் முன்னால் சிலுவையோடு நின்று நின்று ஜெபிக்கிற சிலுவைப்பாதை தொடங்க இன்னும் நேரம் இருந்தது. முதல் ஸ்தலத்துப் படத்துக்குக் கீழே போய்த் தரையில் உட்கார்ந்தேன். ஆண்டவர் கைகள் கட்டப்பட்டு நிற்கிறார், அவருக்குத் தீர்ப்பிட்ட பிலாத்து கை கழுவுகிறான். அதைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பொங்கிக்கொண்டு வந்தது. உண்மை என்றால் என்ன என்று ஆண்டவரிடமே கேட்ட மனிதன் அவன். கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்கவில்லை, வெளியே போய்விட்டான். உண்மை அவனுக்கு முன்னால்தான் நின்றுகொண்டிருந்தது!

"நான் பிலாத்து இல்ல ஆண்டவரே" என்று வாய்விட்டே சொன்னேன். "நான் எந்திரிச்சுப் போகமாட்டேன். அவுகளக் குணமாக்குன்னுகூட இப்பக் கேக்கல. என்ன நடந்துச்சுன்னு எனக்குச் சொல்லும். சொல்லாம நான் இங்கன இருந்து நகரமாட்டேன்."

இப்படி ஜெபிக்கலாமா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு வேறு மாதிரி ஜெபிக்கத் தெரியாது.

ஜனங்கள் வந்து நிறைந்தார்கள். மணி அடித்தது. பீடத்திலிருந்து மரச்சிலுவையைச் சுமந்துகொண்டு நேராக என்னை நோக்கி ஒருவன் வந்தான். என் தம்பி ரெக்சன். அன்றைக்கு இளைஞர் சபையின் முறை, சிலுவை சுமப்பது அவன் பங்கு. நான் கீழே உட்கார்ந்திருந்தது அவனுக்குத் தெரியவில்லை. என்னைக் கண்டதும் அவன் முகம் வெளிறிப்போனது. அந்தக் கணத்தில் எனக்கு விளங்கிவிட்டது. நான் பதில் கேட்டேன், ஆண்டவர் பதிலைத் தோளில் சிலுவையோடு அனுப்பிவிட்டார்.

நான் எழுந்து அவன் வழியில் நின்றேன்.

"ஏலே ரெக்சா, குருச எறக்கி வை. ஒங்க அத்தான் தண்ணிக்குள்ள எறங்குனாவளா இல்லியா?"

கோயிலே திகைத்துப் போனது. "ஏளா, கோயில்ல என்ன சத்தம்? வெளிய போய்ப் பேசு" என்று பின்னாலிருந்து யாரோ அதட்டினார்கள்.

"கோயில்ல சொல்லாத உண்மைய வேற எங்கன போய்ச் சொல்லுவான்?" என்று திரும்பிப் பார்க்காமலே கேட்டேன். சிலுவைப்பாதையை நடத்திக்கொண்டு வந்த பங்குச்சாமி என்னைத் தடுக்கவில்லை. அதற்காக அவருக்கு இன்றும் நன்றி சொல்கிறேன்.

சிலுவையைப் பிடித்தபடியே ரெக்சன் முழங்காலில் விழுந்தான். "எறங்குனாவ எக்கா... ஆழத்துல ரொம்ப நேரம் இருந்தாவ. கம்ப்ரசர்ல டீசல் தீந்து போச்சு. நான் பாக்கல. பதறிப்போய் ஒரே இழுப்பா மேல இழுத்துட்டேன். கம்ப்ரசர் வெசயம் வெளிய தெரிஞ்சா படக நிறுத்திருவாங்க, கேசாயிரும்னு ஓனர் சொல்லிட்டாரு. அத்தானும் என்னக் காப்பாத்தத்தான் பொய் சொல்லுதாவ" என்று கதறினான்.

அன்றைய சிலுவைப்பாதையில் அதற்கு மேல் நான் இல்லை. அவன் கையைப் பிடித்து ஆட்டோவில் ஏற்றி நேராக டாக்டரிடம் கொண்டுபோனேன். அவன் சொல்லி முடிக்கும் முன்பே டாக்டர் எழுந்துவிட்டார். வேகமாக மேலே வந்ததால் ரத்தத்தில் காற்றுக் குமிழ்கள் உண்டாகித் தண்டுவடத்தைத் தாக்கியிருக்கின்றன என்றார். "இத முதல்லயே சொல்லக் கூடாதா?" என்று ரெக்சனைத் திட்டிக்கொண்டே போனைக் கையில் எடுத்தார். காற்றழுத்த அறைக்குள் வைத்து இதற்கு வைத்தியம் பார்க்கும் வெளியூர் ஆஸ்பத்திரி ஒன்றுக்கு அன்றைக்கே ஆம்புலன்சில் அனுப்பினார்.

அதற்குள் இங்கே ஊர் சும்மா இருக்குமா? குடும்ப மானத்தைக் கோயிலில் ஏலம் போட்டுவிட்டாள் என்றார்கள். படகு ஓனர் ரெக்சனை இனி வராதே என்று சொல்லிவிட்டார். என் அம்மா என்னோடு பேசவில்லை. பேசாமல் இருக்கட்டும். ஊரார் வாயில் நல்ல பெயர் வாங்கிக்கொண்டு புருஷனைக் கட்டிலில் கிடத்தி வைக்க என்னால் ஆகாது.

காற்றழுத்த அறையில் பல தடவை வைத்து எடுத்தார்கள். கால்கள் மெல்ல அசைய ஆரம்பித்தன. ஆனால் பாதத்தில் உணர்வு வரவில்லை. வராமலே போகலாம் என்றார்கள். அப்படியேதான் வீட்டுக்குக் கொண்டுவந்தோம்.

ஆண்டவர் சீடர்களின் பாதம் கழுவியதை நினைக்கிற பெரிய வியாழன் வந்தது. பாதம் கழுவும் சடங்குக்குப் பன்னிரண்டு பேரில் ஒருவராக என் கணவரைப் பங்குச்சாமி கூப்பிட்டார். ரெக்சன்தான் அவரைத் தூக்கிக்கொண்டு போய் நாற்காலியில் உட்கார வைத்தான். சாமி அவர் பாதத்தில் தண்ணீர் ஊற்றினார். என் கணவர் சட்டென்று காலை இழுத்தார்.

"சாமி, தண்ணி குளுருது!"

கோயிலுக்கே கேட்டது. ரெக்சன் அங்கேயே சுவரில் முகத்தைப் புதைத்து அழுதான். நானும் அழுதேன், சத்தம் போட்டே அழுதேன். அன்றைக்கு யாரும் என்னை அதட்டவில்லை.

இப்போது அவர் கோல் ஊன்றி நடக்கிறார். வலது கால் கொஞ்சம் இழுக்கும். இனிக் கடலில் இறங்க மாட்டார். கரையில் என்ஜின் பழுது பார்க்கிறார். புதிதாகக் குளிக்க வருகிற பையன்களிடம் தனக்கு நடந்ததை அவரும் ரெக்சனும் ஒளிக்காமல் சொல்கிறார்கள். அற்புதம் என்கிறார்கள் சிலர். மிஷின்தான் குணமாக்கியது, இதில் ஆண்டவர் எங்கே வந்தார் என்கிறார்கள் சிலர். மிஷின் முதலிலிருந்தே அங்கேதான் இருந்தது ஐயா. அதுவரைக்கும் போக விடாமல் எங்களைத் தடுத்தது ஒரு பொய். அந்தப் பொய்யை உடைத்தவர் என் ஆண்டவர். இதைக் கேலி செய்பவர்கள் செய்துகொள்ளட்டும், நான் சொல்வதை நிறுத்தப் போவதில்லை.

உங்கள் வீட்டிலும் துன்பம் வரும்போது கருத்து சொல்ல ஆள் குறைவிருக்காது. எல்லாவற்றையும் கேட்டு மயங்காதீர்கள். ஆண்டவர் கருத்து சொல்கிறவர் இல்லை, அவரே உண்மை. அவரிடம் தைரியமாகக் கேளுங்கள். கேட்பதற்கு முன்னால் ஒன்றை மட்டும் யோசித்துக்கொள்ளுங்கள்: அவர் சொல்லுகிற பதில் உங்கள் சொந்த ரத்தத்தைச் சுடலாம். எனக்குச் சுட்டது. சுட்டதால்தான் இன்று என் புருஷன் நடக்கிறார், என் தம்பி தலை நிமிர்ந்து என் வீட்டுக்குச் சாப்பிட வருகிறான்.